கடையில் பகிரங்கமாக விற்கிறார்களே, அப்புறம் என்ன பயம்?

டெக்சஸ் மாநிலம் பிளானோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 38. மென்பொருள் வேலை. எச்-1பி விசாவில் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவருக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனு ஒப்புதலாகி, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார். மனைவி, ஆறு வயது மகள். அவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இந்தியக் குழுவோடு நள்ளிரவு வரை கூட்டங்கள் நடப்பதால் அவருக்குத் தூக்கம் கெட்டுப்போயிருக்கிறது. அலுவலக நண்பர் சொன்னதைக் கேட்டு, வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஹெம்ப் கம்மீஸ் என்ற மெல்லும் மிட்டாய் வாங்கினார். ஒரு டப்பாவில் 20 மிட்டாய். ஒவ்வொன்றும் 5 கிராம் எடை, அதில் 10 மில்லிகிராம் டெல்டா-9 டிஎச்சி, அதாவது கஞ்சாவில் போதை தரும் பொருள். "ஹெம்ப் செடியிலிருந்து எடுத்தது, 0.3 சதவீதத்துக்கும் குறைவு, ஃபெடரல் சட்டத்துக்கு உட்பட்டது" என்று லேபிளில் அச்சிட்டிருக்கிறார்கள். நான்கு மாதமாக, வாரத்தில் நான்கைந்து இரவு, படுக்கும் முன் ஒன்று சாப்பிடுகிறார். நன்றாகத் தூக்கம் வருகிறதாம்.

இப்போது சில விஷயங்கள் சேர்ந்து வந்திருக்கின்றன. கோடை விடுமுறைக்குக் கோயம்புத்தூர் போகிறார், துபாய் வழியாக. கழுத்து வலியில் தூங்காமல் தவிக்கும் 71 வயது அப்பாவுக்கு இரண்டு டப்பா எடுத்துப்போக எண்ணம். அப்பா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர். அந்தப் பயணத்திலேயே சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங். திரும்பி வந்ததும் புதிய கிளையன்ட். அவர்கள் சிறுநீர்ப் பரிசோதனை கேட்கிறார்கள். போதாததற்கு, நண்பர் ஒருவர் பரிசாகக் கொடுத்த டிஎச்சி வேப் பேனா (ஆவியாக்கி உறிஞ்சும் கருவி) ஒன்றும் மேசை டிராயரில் கிடக்கிறது.

"மேடம், இது நிஜக் கஞ்சா இல்லையே? 0.3 சதவீதம் என்றால் ஒன்றுமே இல்லாத மாதிரிதானே? விமான நிலையப் பாதுகாப்புத் துறையின் தளத்திலேயே எடுத்துப்போகலாம் என்று போட்டிருக்கிறது. என் மனைவி தேவையில்லாமல் பயப்படுகிறாள். அவளுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்" என்று முடித்திருக்கிறார். டப்பாவின் படத்தையும் ஆய்வக அறிக்கையையும் இணைத்திருந்தார். அது எனக்குப் பெரிய உதவி.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவியின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் கடையில் வாங்கியது குற்றமல்ல என்பதும் சரிதான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்; அதனால்தான் இந்தப் பொருளில் இத்தனை பேர் மாட்டுகிறார்கள். நான் குடியேற்ற வழக்கறிஞர். சட்டம் படிப்பதற்கு முன்னால் மருந்து ஆய்வகத்தில் தரப் பரிசோதனை வேலை பார்த்தவள். அதனால் வேதியியலையும் விடாமல் பேசுகிறேன். இந்த விஷயத்தில் வேதியியல் புரியாமல் சட்டம் புரியாது.

0.3 சதவீதம் எதற்கு வைத்த கோடு?

ஹெம்ப்பும் கஞ்சாவும் வேறு வேறு செடிகள் என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் கன்னாபிஸ் சட்டைவா என்ற ஒரே இனம். 1976-இல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குவிஸ்ட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் வகைப்பாட்டுக்காக ஒரு கோடு போட்டார்கள்: இலையின் உலர் எடையில் 0.3 சதவீதத்துக்குக் கீழ் டிஎச்சி இருந்தால் ஒரு பக்கம், மேலே போனால் மறுபக்கம். வசதிக்காகத் தாங்களாகவே வைத்துக்கொண்ட எல்லை என்று அவர்களே எழுதினார்கள். சாப்பிடுகிறவருக்குப் போதை ஏறுமா ஏறாதா என்று பார்த்துப் போட்ட கோடு அல்ல.

2018 டிசம்பரில் கையெழுத்தான பண்ணைச் சட்டம் இந்த எண்ணை எடுத்துக்கொண்டது. டெல்டா-9 டிஎச்சி உலர் எடையில் 0.3 சதவீதத்தைத் தாண்டாத கன்னாபிஸ் செடி, அதன் சாறு, அதிலிருந்து பெறும் பொருள்கள் எல்லாம் ஹெம்ப். ஹெம்ப் என்றால் ஃபெடரல், அதாவது மத்திய அரசின், போதைப்பொருள் பட்டியலில் இல்லை. வயலில் நிற்கும் செடிக்கு இது பொருத்தமான அளவுதான். மிட்டாய்க்கு வரும்போது கணக்கு தலைகீழாகிவிடுகிறது. உங்கள் மிட்டாயின் எடை 5 கிராம், அதாவது 5,000 மில்லிகிராம். அதில் 0.3 சதவீதம் 15 மில்லிகிராம். உங்கள் டப்பா சொல்வது 10. ஆக, 0.2 சதவீதம். சட்டப்படி ஹெம்ப்.

ஆனால் அந்தப் 10 மில்லிகிராம் எவ்வளவு என்று பாருங்கள். அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் 2021-இல் ஆராய்ச்சிக்கான ஓர் அலகாக வைத்தது 5 மில்லிகிராம் டிஎச்சி. நீங்கள் ஒரு வாய்க்கு அதைப்போல் இரண்டு அலகு சாப்பிடுகிறீர்கள். கஞ்சாவைக் கடை வைத்து விற்க அனுமதித்த கொலராடோவில் ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், ஒரு பொட்டலத்துக்கு 100 மில்லிகிராம் என்று உச்சவரம்பு. உங்கள் டப்பாவில் மொத்தம் 200 மில்லிகிராம். உரிமம் பெற்ற கஞ்சாக் கடையில் விற்க முடியாத அளவு உங்கள் வீட்டருகே விற்கிறது. சதவீதம் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் சர்க்கரையும் ஜெலட்டினும்தான். தயிரில் எத்தனை செம்பு தண்ணீர் ஊற்றி நீர்மோராக்கினாலும் பானையிலுள்ள தயிர் குறைவதில்லை.

மூலக்கூறும் அதேதான். ஹெம்ப்பிலிருந்து வந்த டெல்டா-9 டிஎச்சிக்கும் கஞ்சாவிலிருந்து வந்ததற்கும் எந்த ஆய்வகக் கருவியும் வேறுபாடு காட்டாது. உங்கள் ஈரலுக்கும் தெரியாது. வாய்வழி போகும் டிஎச்சியை ஈரல் 11-ஹைட்ராக்ஸி டிஎச்சி என்ற இன்னொரு பொருளாக மாற்றுகிறது. அது மூளைக்குள் எளிதாகப் போகும், வீரியமும் அதிகம். புகைத்தால் சில நிமிடத்தில் தெரிவது, சாப்பிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். ஏறவில்லையே என்று இன்னொன்றைப் போட்டுக்கொள்கிறவர்கள்தான் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார்கள். அதனால் இது நிஜக் கஞ்சா இல்லையே என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: மருந்தியல்படி நிஜமேதான், சட்டப்படி வேறு.

நீங்கள் அனுப்பிய அறிக்கை

கியூஆர் குறியீட்டைத் தட்டினால் ஆய்வக அறிக்கை வருகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறீர்கள். நான் வரி வரியாகப் படித்தேன்.

முதல் விஷயம், மாதிரியின் பெயர். அங்கே "டிஸ்டிலேட்" என்று இருக்கிறது. அதாவது சோதித்தது மிட்டாயை அல்ல, மிட்டாயில் கலக்கும் முன்பிருந்த எண்ணெயை. அதை எவ்வளவு கலந்தார்கள், ஒவ்வொரு மிட்டாயிலும் சமமாகப் பரவியதா என்பதற்கு அந்தத் தாளில் ஆதாரமே இல்லை. இரண்டாவது, அறிக்கையின் தேதி பதினான்கு மாதம் பழையது. அதிலுள்ள தொகுதி எண்ணும் உங்கள் டப்பாவின் அடியில் அச்சிட்ட எண்ணும் ஒன்றல்ல. மூன்றாவது, கன்னாபினாய்டு (டிஎச்சி போன்ற கன்னாபிஸ் செடிப் பொருள்கள்) அளவு மட்டும்தான் சோதிக்கப்பட்டிருக்கிறது. கரைப்பான் எச்சம், கன உலோகம், பூச்சிமருந்து என்ற கட்டங்களில் "சோதிக்கப்படவில்லை" என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. நான்காவது, டெல்டா-8 டிஎச்சி என்ற வரியிலும் ஓர் எண் இருக்கிறது.

அந்த நான்காவது வரி எனக்கு ஒரு கதை சொல்கிறது. ஹெம்ப் செடியில் டிஎச்சி மிகக் குறைவு. அதைப் பிழிந்தெடுப்பது கட்டுப்படியாகாது. தாராளமாகக் கிடைப்பது சிபிடி என்ற, போதை தராத இன்னொரு பொருள். சிபிடியும் டிஎச்சியும் 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் கொண்டவை. அணுக்கள் அதே, அமைப்பு மட்டும் வேறு. சிபிடியைக் கரைப்பானில் கரைத்து அமிலம் சேர்த்துச் சூடாக்கினால், அதன் திறந்த பகுதி வளையமாக மூடிக்கொண்டு டிஎச்சியாகிறது. எந்த அமிலம், எவ்வளவு சூடு, எத்தனை நேரம் என்பதைப் பொறுத்து டெல்டா-8 வரும், டெல்டா-9 வரும், கூடவே பெயர் வைக்காத சில பக்கப்பொருள்களும் வரும். டெல்டா-8க்கும் டெல்டா-9க்கும் ஓர் இரட்டைப் பிணைப்பு ஒரு கார்பன் தள்ளியிருப்பது மட்டுமே வித்தியாசம். உங்கள் அறிக்கையில் இரண்டும் கலந்திருப்பதைப் பார்த்தால், இது செடியில் விளைந்த டிஎச்சியைவிட உலையில் மாற்றிய டிஎச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முறையாகச் சுத்திகரித்தால் பெரிய கெடுதல் இல்லாமல் போகலாம். சுத்திகரித்தார்களா என்று காட்ட வேண்டிய கட்டங்கள்தான் காலியாக இருக்கின்றன.

இப்படி மாற்றிய பொருள் ஹெம்ப்பா, செயற்கைப் போதைப்பொருளா என்பது பல வருட வழக்கு. 2020-இல் போதைப்பொருள் தடுப்பு முகமை, செயற்கையாகப் பெற்ற டிஎச்சி பட்டியலில்தான் இருக்கிறது என்றது. 2022-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், ஹெம்ப்பிலிருந்து வந்த டெல்டா-8 பண்ணைச் சட்டத்தின் வார்த்தைகளுக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. டெக்சஸ் அந்த வட்டத்தில் இல்லை; அதனால் அந்தத் தீர்ப்பு அங்கே கட்டுப்படுத்தாது.

நாடாளுமன்றம் ஓட்டையை அடைத்துவிட்டது

இது உங்கள் காதுக்கு வரவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. 2025 நவம்பர் 12 அன்று, 43 நாள் நீடித்த அரசு முடக்கத்தை முடித்துவைத்த நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள்ளேயே ஹெம்ப் என்பதன் வரையறையை மாற்றிவிட்டார்கள். இனி டெல்டா-9 மட்டுமல்ல, சூடாக்கினால் டிஎச்சியாக மாறும் டிஎச்சிஏ உட்பட மொத்த டிஎச்சியும் கணக்கில் வரும். செடிக்கு வெளியே தயாரித்த கன்னாபினாய்டுகள் ஹெம்ப் ஆகாது. கடைக்கு வரும் பொருளில் ஒரு டப்பாவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் மொத்த டிஎச்சி இருக்கக் கூடாது. நடைமுறைக்கு வரும் நாள், சட்டத்தில் உள்ளபடி, 2026 நவம்பர் 12.

உங்கள் டப்பாவில் 200 மில்லிகிராம். புதிய வரம்பைப்போல் ஐந்நூறு மடங்கு. தேதியைத் தள்ளிவைக்க ஹெம்ப் தொழில்துறை முயல்கிறது. அது நடக்கும் என்று நம்பி, கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் ஒருவர் டப்பா டப்பாவாக வாங்கி வைக்கக் கூடாது. அன்றைய தேதியில் உங்கள் அலமாரியில் மிச்சமிருக்கும் மிட்டாய் ஃபெடரல் பார்வையில் கஞ்சாப் பொருள்தான். ரசீதில் பழைய தேதி இருப்பது உதவாது.

மாநிலச் சட்டம் இன்னொரு பக்கம். டெக்சஸ் சட்டமன்றம் டிஎச்சி பொருள்களை முழுக்கத் தடைசெய்து மசோதா நிறைவேற்றியது; 2025 ஜூனில் ஆளுநர் அதை நிராகரித்தார். செப்டம்பரில் 21 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது என்று நிர்வாக ஆணை போட்டார். வேப் விஷயத்தில் மட்டும் அந்தத் தயக்கம் இல்லை: 2025 செப்டம்பர் 1 முதல் டிஎச்சி வேப் விற்பது டெக்சஸில் குற்றம். உங்கள் நண்பர் கொடுத்த பேனாவை வைத்திருப்பது அந்தப் புதிய சட்டத்தின் கீழ் வராது. ஆனால் அதற்குள் இருக்கும் எண்ணெய் 0.3 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், அது டெக்சஸின் பழைய போதைப்பொருள் சட்டத்தின் இரண்டாம் தண்டனைப் பிரிவில் வரும். ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலே சிறைத் தண்டனைக்குரிய ஃபெலனி, அதாவது கடுங்குற்றம். எங்கே வாங்கியது, அறிக்கை உண்டா என்று எதுவுமே தெரியாத பொருள் அது. இன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

மிட்டாய்க்கும் அதே தண்டனைப் பிரிவு என்பதைப் பலர் அறிவதில்லை. டெக்சஸில் கஞ்சா இலை சிறிதளவு வைத்திருந்தால் சிறு குற்றம். டிஎச்சி கலந்த தின்பண்டம் வரம்பைத் தாண்டினால் கணக்கே வேறு: டிஎச்சியின் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள், சர்க்கரை, ஜெலட்டின் எல்லாம் சேர்த்து மொத்த எடை. உங்கள் ஒரு டப்பா 100 கிராம். 4 முதல் 400 கிராம் வரை இரண்டாம் நிலை ஃபெலனி, 2 முதல் 20 ஆண்டுகள். 0.3-க்குள் இருக்கும் வரை உணவுப் பொருள். தயாரிப்பாளர் கலக்கும்போது அளவு பிசகினால் இந்த வழக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே உங்களைக் காப்பது அந்தப் பதினான்கு மாதப் பழைய தாள் மட்டுமே.

அப்புறம், வண்டி ஓட்டுவது. சனிக்கிழமை காலை மகளை நடன வகுப்புக்கு நீங்கள்தான் அழைத்துப்போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். டெக்சஸின் போதையில் வண்டி ஓட்டும் குற்றத்துக்குப் பொருள் சட்டவிரோதமானதாக இருக்க வேண்டியதில்லை. எந்தப் பொருளால் நிதானம் தவறினாலும் குற்றம். வண்டியில் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் அதுவே ஃபெலனி. நள்ளிரவு ஒரு மணிக்குச் சாப்பிட்ட 10 மில்லிகிராம் காலை எட்டு மணிக்கு முழுதும் இறங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது.

விசா: நான் அதிகம் கவலைப்படும் இடம்

அமெரிக்கக் குடிமகனுக்கு இது அபராதமோ வழக்கோ ஆகும். உங்களுக்கு இது நாட்டில் இருப்பதா இல்லையா என்ற கேள்வி. குடியேற்றச் சட்டத்தில் போதைப்பொருள் தொடர்பான தண்டனை இருந்தால் நுழைவு மறுக்கப்படும். தண்டனை இல்லாமலே, குற்றத்தின் கூறுகளை நீங்களே ஒப்புக்கொண்டாலும் மறுக்கலாம். மாநிலம் அனுமதித்ததா என்பது அங்கே பொருட்டல்ல. ஃபெடரல் சட்டமே அளவுகோல். 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை வெளியிட்ட கொள்கை விளக்கம் குடியுரிமை விண்ணப்பங்களுக்கு இதையே வெளிப்படையாகச் சொன்னது.

விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில் இரண்டு கேள்விகள் உங்களுக்கு முக்கியம். கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் தொடர்பான எந்தச் சட்டத்தையாவது மீறியதுண்டா என்பது ஒன்று. போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவரா, அதற்கு அடிமையா என்பது இன்னொன்று. பொருள் உண்மையிலேயே ஹெம்ப் வரம்புக்குள் இருந்து, அப்போதைய சட்டம் அனுமதித்த காலத்தில் சாப்பிட்டிருந்தால், முதல் கேள்விக்கு நீங்கள் சட்டத்தை மீறவில்லை என்பதே நேர்மையான பதில். இதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் நேர்காணலில் கேட்டால், பதற்றத்தில் "ஆமாம், கஞ்சா கம்மீஸ் எடுத்துக்கொள்வேன், இங்கே எல்லாரும் சாப்பிடுகிறார்கள்" என்று உளறினால், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகலாம். தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் அதிகாரி உங்களை அனுப்பினால், போதைப் பழக்கக் கோளாறு என்று அவர் எழுதினாலே விசா நிற்கும். 12 மாதம் விலகியிருந்து காட்ட வேண்டிவரும்.

பொய் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கூடாது. முக்கியமான உண்மையை மறைத்து விசா பெற்றதாக முடிவானால் அது வாழ்நாள் தடை. போதைப்பொருள் விவகாரத்தைவிட அதிலிருந்து மீள்வது கடினம். டிஎஸ்-160 நிரப்பும் முன், டப்பா, ரசீது, அறிக்கை மூன்றோடும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரை நேரில் பாருங்கள். நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது, அது என்ன வரம்பில் இருந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப் நிலையிலும் முகநூலிலும் இதைப் பற்றிய படமோ வேடிக்கைப் பேச்சோ வேண்டாம்.

கைது மட்டும் நடந்து வழக்கு தள்ளுபடியானாலும் நிம்மதி இல்லை. கஞ்சாவையும் ஹெம்ப்பையும் சாலையோரச் சோதனை பிரித்துக் காட்டாது. ஆய்வக முடிவு பிறகுதான் வரும். அதற்குள் விரல்ரேகை பதிவாகிவிடும். போதையில் வண்டி ஓட்டியதாகக் கைதானால், தீர்ப்பு வரும் முன்பே வெளியுறவுத் துறை விசாவை ரத்துசெய்வது நடைமுறை.

கழுத்து, முதுகு வலிக்கு டெக்சஸின் மருத்துவக் கஞ்சாத் திட்டத்தில் சேரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2025-இல் நாள்பட்ட வலியையும் அதில் சேர்த்திருக்கிறார்கள் என்பது உண்மை. குடிமகன் அல்லாதவர் தன் வழக்கறிஞரைக் கேட்காமல் அதில் பெயர் பதிய வேண்டாம். அங்கே தருவது ஃபெடரல் சட்டப்படி கஞ்சா. பதிவேடு அதற்கு எழுத்துச் சான்று.

கிளையன்ட் பரிசோதனை

சிறுநீர்ப் பரிசோதனை தேடுவது டிஎச்சியை அல்ல, உடல் அதை உடைத்த பிறகு மிஞ்சும் கார்பாக்ஸி டிஎச்சியை. ஃபெடரல் வழிகாட்டுதலில் முதல் கட்டத்தில் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், உறுதிசெய்யும் கட்டத்தில் 15. அது ஹெம்ப்பிலிருந்து வந்ததா என்று அந்தச் சோதனை கேட்பதில்லை. டிஎச்சி கொழுப்பில் தங்கும் பொருள். நான்கு மாதம் வாரத்துக்கு நான்கைந்து முறை சாப்பிட்டவருக்கு நிறுத்திய பிறகும் சில வாரங்கள் வரை தெரியலாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து என்றால் சோதனை முடிவைச் சரிபார்க்கும் மறுஆய்வு மருத்துவர் அதைக் கேட்பார். கடையில் சட்டப்படி வாங்கினேன் என்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. வேலை போனால் எச்-1பிக்கு இருப்பது அதிகபட்சம் 60 நாள் அவகாசம்.

உடலைச் சுத்தம் செய்யும் பானம் என்று விற்பதை வாங்காதீர்கள். சோதனை முடிவை மாற்ற எதையாவது கலப்பது டெக்சஸில் தனிக் குற்றம். இன்றே நிறுத்திவிட்டு, திரும்பி வந்த பிறகு கிளையன்ட் தேதி வருமாறு பார்த்துக்கொள்வதுதான் வழி. நிறுத்திய முதல் வாரம் தூக்கம் இன்னும் மோசமாகும், தெளிவான கனவுகள் வரும்; பயப்பட வேண்டாம், குறையும். தூக்கமின்மைக்கென்று இருக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையைப் பற்றி உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள். நள்ளிரவுக் கூட்டத்தை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைக்க முடியுமா என்று மேலாளரிடமும் கேளுங்கள்.

கோவைக்கு எடுத்துப்போவது

இதில் யோசிக்க எதுவும் இல்லை. வேண்டாம்.

நீங்கள் பார்த்த தளம் அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புச் சோதனைக்கானது. விமானம் கிளம்பியதும் அதன் பேச்சு முடிந்தது. அமீரகத்தில் டிஎச்சி தடைசெய்யப்பட்ட பொருள். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. அதன் அட்டவணையில் டிஎச்சி, அதன் ஐசோமர்களோடு (அணுக்கள் அதே, அமைப்பு வேறான வடிவங்கள்), மனமயக்கப் பொருளாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அங்கே 0.3 சதவீத விலக்கு என்று மிட்டாய்க்கு எதுவும் கிடையாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் அனுமதித்தது ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு மட்டுமே. எண்ணெயில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் டிஎச்சி வரை. உங்கள் ஒரு மிட்டாயிலேயே அந்தப் 10 மில்லிகிராம் இருக்கிறது.

கலவையில் போதைப்பொருளின் அளவை மட்டுமல்ல, மொத்த எடையையும் பார்க்க வேண்டும் என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு டப்பா என்றால் 200 கிராம். எடைக்கு ஏற்ப ஓராண்டு வரை, பத்தாண்டு வரை, பத்து முதல் இருபதாண்டு என்று தண்டனை அடுக்குகள் ஏறும். வணிக அளவு என்றால் ஜாமீனும் எளிதில் கிடைக்காது. தெரிந்தே கொண்டுவந்தார் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அப்பாவின் வலிக்காகக் கொண்டுவந்தேன் என்பது அதற்குப் பதிலாகாது. கூரியரில் அனுப்பினாலும் இறக்குமதிதான், பெறுநர் பெயர் அப்பாவுடையதாக இருக்கும்.

சட்டம் ஒருபுறமிருக்க, அவர் வார்ஃபரின் சாப்பிடுகிறார். அதை உடைக்கும் அதே ஈரல் நொதியின் வழியாகத்தான் டிஎச்சியும் போகிறது. சிபிடியும் அந்த நொதிகளைத் தடுக்கக்கூடியது. ரத்தம் உறையும் கணக்கு மாறி உள்ளுக்குள் கசிந்தால் வெளியே தெரியாது. 71 வயதில் இரவில் தலைசுற்றிக் கழிவறையில் விழுந்தால், அந்த மருந்தோடு அது சாதாரண விழுகை அல்ல. கோவையில் வலிக்கென்றே மருத்துவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் போகும் முதல் வாரத்திலேயே அப்பாவை அழைத்துப்போங்கள்.

கிளம்பும் முன் கைப்பை, லேப்டாப் பை, கோட்டுப் பை, மகளின் பை எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள். மறந்துபோன ஒற்றை மிட்டாய்க்கும் சட்டம் ஒன்றுதான்.

மகளைப் பற்றி

டப்பா சமையலறை மேல் அலமாரியில், வைட்டமின் கம்மீஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோதுதான் உங்கள் மனைவியின் பயம் எனக்கு முழுதாகப் புரிந்தது. 2021 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி வரை அமெரிக்க நச்சுக் கட்டுப்பாட்டு மையங்களுக்கு டெல்டா-8 பொருள்கள் குறித்து மட்டும் 2,362 சம்பவங்கள் வந்தன என்றும், அதில் 41 சதவீதம் 18 வயதுக்குட்பட்டவர்கள் என்றும் உணவு மருந்து நிர்வாகம் சொன்னது. ஆறு வயதுக் குழந்தை ஒன்றோடு நிறுத்தாது. உங்களைத் தூங்கவைக்கும் அளவு, இருபது கிலோ எடையுள்ள உடலில் நடை தள்ளாடவைக்கும், வாந்தி வரும், எழுப்ப முடியாத மயக்கமும் மூச்சு மந்தமாவதும் நேரலாம்.

மிச்சமிருப்பதை இன்றே அகற்றிவிடுங்கள். குப்பைக்கூடையில் முழு மிட்டாயாகப் போடாமல், வெந்நீரில் கரைத்துக் காப்பித்தூளோடு கலந்து மூடிப் போடுங்கள். ஆய்வக அறிக்கை, ரசீது, டப்பாவின் நான்கு பக்கப் படம், அடியிலுள்ள தொகுதி எண் இவற்றை மட்டும் எடுத்து வழக்கறிஞருக்காக வையுங்கள். அகற்றும் முன்பே குழந்தை எடுத்துச் சாப்பிட்டதாகச் சந்தேகம் வந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். விளைவு இரண்டு மணி நேரம் தாமதமாகவும் வரலாம். நச்சுக் கட்டுப்பாட்டு மையத்தின் எண் 1-800-222-1222, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், இலவசம். குழந்தை எழுந்திருக்கவில்லை, மூச்சு சரியில்லை என்றால் நேராக 911. விசாவை நினைத்துத் தயங்காமல், என்ன சாப்பிட்டாள், எத்தனை மில்லிகிராம் என்று உள்ளபடியே சொல்லுங்கள். மருத்துவருக்கு அந்த எண்தான் வேண்டும்.